பதில் தந்தி

"சார், தந்தி!" என்று தந்திக்காரர் உப்பிலி சைக்கிளை விட்டு இறங்கியதும் முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். ஒரே மகன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தோடு யாழ்ப்பாணம் போய் ஆறு மாசமாகிறது. போன வாரம்தான் வத்திராயிருப்பில் ஒரு வீட்டுக்கு இப்படித் தந்தி வந்து, தெருவே அழுதது.

"ஏங்க, பிரிங்க."

ராஜபாளையம் கல்லூரியில் கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் பால்ச்சாமிக்கு அவளைவிடப் பயம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே படிச்சிரு உப்பிலி."

உப்பிலி பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அட, செத்த நேரத்துல உசிரை வாங்கிட்டீகளே! சார் கவிதைக்கு முதல் பரிசாம். பால்கோவா எங்கே, அக்கா?"

முத்துப்பேச்சி ஆண்டாள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பேராசிரியருக்கு மட்டும் வேர்வை நிற்கவில்லை.

"அதான் நல்ல சேதியாச்சே, இன்னும் என்ன பயம்? எந்தக் கவிதைக்குப் பரிசு?"

உப்பிலிதான் தந்தியைப் பார்த்துச் சொன்னார்.

"'போரில் இறந்த என் மகனுக்கு'..."

முத்துப்பேச்சி தந்தியைப் பிடுங்கிக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"புலவன் வாக்கு பலிக்கும்பாகளே! உசிரோட இருக்கிற பிள்ளைக்கா ஒப்பாரி எழுதினீக? பரிசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அதைக் கிழிச்சுப் போடச் சொல்லித் தந்தி குடுங்க. ஓடுங்க!"

"காகிதத்தில் எழுதினால் யாரும் செத்துவிட மாட்டார்கள், பயப்படாமல் எழுதுங்கள்" என்று இருபது வருஷமாக வகுப்பில் சொல்லி வந்த பேராசிரியர், செருப்புக்கூடப் போடாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் தந்தி ஆபீசுக்கு ஓடினார்.