சொன்ன பேச்சு கேட்ட நாய்

பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் நாட்டுக்கே திரும்பியபோது, வளர்த்த நாய் பிஜூவைப் பக்கத்துத் தெருப் புஷ்பராணியிடம் விட்டுப் போனார். சொன்ன பேச்சு கேட்கும் நாய் என்று பிஜூவுக்குப் பெயர். அந்தப் பெயரால்தான் வினையே.

முதல் நாள் மத்தியானம் புஷ்பராணி மீன் குழம்புச் சோற்றைத் தட்டில் போட்டு, "வா" என்றாள். பிஜூவுக்குத் தெரிந்ததோ பிரெஞ்சு மட்டும்; அந்த மொழியில் 'வா' என்றால் 'போ' என்று அர்த்தம். பிஜூ மறுபேச்சில்லாமல் எழுந்து வாசலைத் தாண்டிப் போனது. அவள் உரக்க, "வா, வா" என்றாள். அது இன்னும் வேகமாகப் போனது.

சோற்றைத் தின்றது பூனை சிங்காரி.

மூன்று நாளும் இதே கூத்து. பிஜூவின் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"சோற்றை வைத்துவிட்டு ஏன்டி என்னை விரட்டுகிறாள்?" என்று அது பூனையிடம் கேட்டது.

இரண்டு வீட்டு அடுப்படியிலும் திருடித் தின்று இரண்டு மொழியும் கற்றவள் சிங்காரி. மீசையை நக்கிக்கொண்டே, "உன்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாதுடா. நல்ல நாயாக, லட்சணமாக ஓடிப் போ" என்றாள்.

நான்காம் நாள் புஷ்பராணி, "இன்னைக்கும் திமிர் பண்ணினா எவனுக்காவது தூக்கிக் கொடுத்திடுவேன். வா!" என்றாள்.

பசி தாங்காத பிஜூ இந்தத் தடவை போகவில்லை. அடித்தாலும் சரி, பெயர் கெட்டாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராகத் தட்டுக்கு நடந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேச்சை மீறுகிறோமே என்று வால் நடுங்கியது.

"என் செல்லமே, இப்பத்தான் சொன்ன பேச்சைக் கேக்கிறே!" என்று புஷ்பராணி அதன் தலையைத் தடவினாள்.

பிஜூவுக்கு அது புரியவில்லை. இந்த வீட்டில் பேச்சை மீறினால் மீன் கிடைக்கும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.