ரெண்டு விரல் தண்ணி

"சல்லிசானதே போதும்டா," என்றான் தொரோபெக், மூணாவது தடவையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை பனி உருகி மலையிலிருந்து தண்ணி இறங்கிவிடும். அதற்குள் வாய்க்கால் மடைகளில் கருவி மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்து, தானாகத் திறந்து மூட வைக்கணும். அதற்குத்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி ஊருக்கு வந்திருந்தேன். உட்காரவே முடியவில்லை. பாசன சங்க அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மேஜையில் ரெண்டு சென்சார் பெட்டி, ஒன்றைத்தான் எடுக்கணும். கம்ப்யூட்டர், பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழசு. மோட்டார், கன்ட்ரோல் கார்டு எல்லாம் பேரம் பேசி வாங்கியாச்சு. தண்ணி மட்டம் அளக்கும் சென்சார்தான் பாக்கி. ஒன்று சல்லிசு, ரெண்டு விரல் முன்னே பின்னே காட்டும். இன்னொன்று மயிரிழை பிசகாது. வித்தியாசம் ஒரு ஆட்டு விலை.

"ஒரு ஆட்டுக்குக் கணக்குப் பாக்குறியா? ஒவ்வொரு முறைத் தண்ணியிலயும் ரெண்டு விரல் காணாமப் போகுதுன்னுதானே என்னைக் கூப்பிட்டாங்க!"

"போனா போகட்டுமே."

"நீ யாருடா போகட்டும்னு சொல்ல?"

அவன் என் வகுப்புத் தோழன். இப்போது மடை பார்க்கிறவன். மண்வெட்டியைப் பிடித்தபடி தரையையே பார்த்தான்.

சங்கத் தலைவி புருலாய் அக்கா டீயை ஊற்றினார். "கோபப்படாதே நூர்தின். இந்த உலர்ந்த ஆப்ரிகாட் உங்க வீட்டுதா? தேனா இருக்கு!"

"அம்மா கட்டிக் குடுத்தது. ஊரே காஞ்சாலும் எங்க தோட்டம் காய்ச்சுத் தள்ளும் அக்கா," என்று நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா ஏதோ காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். "அப்புறம்மா" என்று பையில் திணித்தது நினைவுக்கு வந்தது. இதே காகிதம்தான் எத்தனை வருஷமாக!

"அக்கா, விதி என்ன?"

"சங்கப் படிவத்துல கையெழுத்துப் போட்ட நாப்பத்திரெண்டு பேருக்குத்தான் தண்ணி."

"போடாதவனுக்கு?"

"ஒரு சொட்டு கிடையாது."

"அப்போ அந்த ரெண்டு விரல் யாருக்குப் போகுது தொரோபெக்? திருடி விக்கிறியா? சொல்லு, இல்லே மண்வெட்டியை வச்சுட்டுப் போ!"

அவன் முகம் சிவந்தது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய்விட்டான். இருந்த ஒரே வேலை, ஒரே சம்பளம், அதையே விட்டுவிட்டுப் போகிறான். சும்மா விட்டேனா? பின்னாலேயே ஓடிப் போய் வாசலில் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஓடினா விட்டுருவேனா? யாருக்குடா?"

அவன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதே. அக்காவுக்குத் தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவாங்க. கடைசி மடைக்குக் கீழே யார் தோட்டம்?"

"எங்க... எங்க தோட்டம்."

"உங்கப்பா போனதும், நம்ம வழக்கப்படி கடைக்குட்டிக்குன்னு நிலம் உன் பேருக்கு வந்துச்சு. படிவத்துல நீதான் கையெழுத்துப் போடணும். ஆறு வருஷமா அம்மா கேக்குறாங்க, நீ அப்புறம்கிறே. மரம் அப்புறம்னு காத்திருக்குமாடா?"

வாயில் ஆப்ரிகாட்டின் தித்திப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"என்னப்பா நூர்தின்," உள்ளேயிருந்து புருலாய் அக்கா குரல் கொடுத்தார். "திருடன் யாருன்னு சொன்னானா?"

தொரோபெக்கின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். மண்வெட்டியை எடுத்து அவனிடமே கொடுத்தேன். பையிலிருந்த காகிதத்தை மேஜையில் பிரித்து வைத்தேன்.

"திருடன் அகப்பட்டுட்டான் அக்கா. கையெழுத்துப் போடணுமாம், ஒரு பேனா குடுங்க."