ஒத்தக் கையில திரும்பணும்

“எந்த ஸ்டியரிங் பாக்ஸை மாட்டட்டும்ணே, கனமானதா, லேசானதா?” என்று கேட்டார் மெக்கானிக் சவுகத் அலி.

பழைய ஜீப்பில் சாய்ந்திருந்த வெள்ளைத்துரை யோசிக்கவே இல்லை. “லேசானது பாய். ஒத்தக் கையில திரும்பணும்.”

“போடிமெட்டு வளைவுக்கு அது ஆகாதுண்ணே. சுத்திக்கிட்டே இருக்கணும். கனமானதுன்னா கொஞ்சம் திருப்புனாலே வளைஞ்சிரும். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டுங்க.”

“ரெண்டு கைக்கு எங்க பாய் போறது?”

சவுகத் அலிக்குச் சுருக்கென்றது. மலையேறும் டிரைவர்களில் பாதிப் பேர் ஒரு கையைச் செல்போனுக்கே நேர்ந்துவிட்டிருக்கிறார்கள். இந்த ஆளுமா?

“லேசானது மதுரையிலருந்து வரணும்ணே” என்று அனுப்பிவிட்டார். அது அவர் காலடியிலேயே, சாக்குக்குள் கிடந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று டீ கூடுதலாக இனித்தது.

பிறகு வெள்ளைத்துரை வந்து கேட்டபோதெல்லாம், “இன்னும் வரலண்ணே.”

மாசி பிறந்ததும் மறுபடி வந்தார். “கனமானதையே மாட்டிருங்க பாய். இனி ரெண்டு கையாலயும் ஓட்டலாம்.”

“போனை விட்டாச்சாக்கும்?” என்று சிரித்தார் சவுகத் அலி.

“எங்கிட்ட ஏது பாய் போனு?” வெள்ளைத்துரை தன் இடது கையை விரித்துப் பார்த்தார். “தேனி ஆஸ்பத்திரிக்கு இறங்குறப்ப வீட்டுக்காரியால உக்கார முடியாது. வளைவுக்கு வளைவு சரிஞ்சு விழுவா. பிடிச்சுக்க வேற ஆளில்ல, இந்தக் கைதான். பழைய ஸ்டியரிங்கு ஒத்தக் கைக்கு அசையல. பாக்ஸு வரட்டும், போவோம்னு இருந்தோம். அவதான் அதுவரைக்கும் பொறுக்காம போய்ச் சேந்துட்டா.”

சவுகத் அலி சாக்கைக் காலால் மேசைக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.