கோடை நேரம் தெரியாத மாடுகள்

"நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாச்சு. எங்கட ஷெஃப் மட்டும் ஏலாதாம்!"

தவச்செல்வன் தலையில் கைவைத்தான். அவன் மனைவி சுகந்தி, வீறிட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டபடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

லாங்கன்தாலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், வால்ட்டர் கிழவரின் பண்ணையில் பால் கறப்பதுதான் தவச்செல்வனின் வேலை. வீட்டு மேல்மாடியில் ஓர் அறையும் கிழவர் தந்திருந்தார். முதலாளி என்பதால் அவரை 'ஷெஃப்' என்றே கூப்பிடுவான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. கோடை நேரம் தொடங்கிவிட்டது. மாட்டுக் கொட்டிலில் தொங்கிய மணிக்கூடு மட்டும் பழைய நேரத்திலேயே ஓடியது; பால் கறப்பது அந்த மணிக்கூட்டின்படிதான்.

"ஏன் ஷெஃப் மாத்தேல்லை?" தெரிந்த ஜெர்மனில் கேட்டுப் பார்த்தான்.

கிழவர் துள்ளினார்.

"தலைநகர் பேர்னில இருந்து சட்டம் போட்டா மாடு பால் சுரக்குமோ? எழுபத்தெட்டில சனம் இது வேண்டாமெண்டு வோட்டுப் போட்டது. மாடு வளர்க்கிற கமக்காரர்தான் முன்னுக்கு நிண்டு தோக்கடிச்சவை. பிறகு பக்கத்து நாடெல்லாம் மாத்த, ரயில் குழம்புதெண்டு இவையும் மாத்திப்போட்டினம். என்ரை மாட்டிட்டை ஆர் கேட்டது?"

திங்கட்கிழமை, ஊர்ச் சீஸ் ஆலைக்குப் பால் பிந்திப் போனது. சீஸ் செய்கிறவர் வாசலிலேயே நின்று குதித்தார்.

"எல்லாற்றை பாலும் வந்திட்டுது. உங்கட மாடுகள் என்ன, லண்டன் நேரத்திலயோ நிக்குதுகள்? நாளைக்கும் பிந்தினா திருப்பி அனுப்புவன்!"

"அனுப்பு. பன்றிக்கு ஊத்துறன்" என்றார் கிழவர்.

தவச்செல்வன் கணக்குப் போட்டான். கிழவரின் பிடிவாதத்தில் பால் போனால், அடுத்தது தன் வேலைதான்.

பின்னேரம் யாருக்கும் தெரியாமல் கொட்டிலுக்குப் போனான். முக்காலியில் ஏறினான். மணிக்கூட்டு முள்ளில் விரலை வைத்ததுதான் தாமதம்.

"அதில தொட்டாயெண்டா வேலை இல்லை!"

கிழவர் போட்ட சத்தத்தில் மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. தவச்செல்வன் இறங்கிய வேகத்தில் முக்காலி உருண்டது.

முகம் கறுத்துப்போய்க் குசினிப் பக்கம் வந்தான். கிழவரின் மனைவி எல்ஸ்பெத் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"மனுசரை விட மாடு பெரிசோ அவருக்கு?" என்று பொருமினான்.

எல்ஸ்பெத் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாடோ? உன்ரை பிள்ளை இரவிரவா அழுறது கீழ எங்களுக்கும் கேக்குது. நீ பால் கறக்க எழும்புறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் அது கண் மூடுது. மணிக்கூட்டை மாத்தினா உனக்கு அந்தத் துண்டு நித்திரையும் இல்லை."

தவச்செல்வன் விழித்தான்.

"அப்ப பால்? நாளைக்கும் பிந்துமே!"

"பிந்தாது. தான் முந்தியே எழும்பிப் பாதி மாட்டைக் கறக்கப் போறாராம். உனக்குச் சொல்ல வேண்டாமாம்."

எல்ஸ்பெத் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை... எழுபத்தெட்டில, கோடை நேரம் வேணுமெண்டு இந்த ஊரில வோட்டுப் போட்ட ஒரே கமக்காரர் அவர்தான்!"