பெனிட்டா எடுத்த ரிவால்வர்

"மீன்பிடி தடைக்காலம் முடியறதுக்குள்ள கல்யாணம் வெச்சாதான் உண்டு. அப்பால படகுல பூட்டா, எப்ப திரும்புவேன்னு எனுக்கே தெரியாது" என்று பெனிட்டாவைக் கட்டிக்கொள்ளப்போகும் கோட்டைக்குப்பத்து மீனவன் பிராங்க்ளின் கறாராகச் சொல்லிவிட்டான்.

ஆனால் போலீஸ்காரி பெனிட்டாவுக்கு இன்ஸ்பெக்டர் லீவு தரவே இல்லை. மூன்று முறை கேட்டும் "முடியாது" என்றார்.

அன்று துப்பாக்கி சுடும் போட்டி. ஜெயித்தவர் மறுநாளே மூன்று மாதப் பயிற்சிக்கு டில்லி போக வேண்டும்.

எஸ்.ஐ. பொன்னுரங்கம் மேஜையில் துப்பாக்கிகளைப் பரப்பினார். இருப்பதிலேயே பெரிய ரிவால்வரை எடுத்தாள் பெனிட்டா.

"இன்னாம்மா, அது ஒதைச்சா தோள்பட்டை பூடும். இன்ஸ்பெக்டரு கெத்துக்கு அத மாதிரி ஒண்ணு எடுத்துக்கினாரு. உனுக்கு இன்னாத்துக்கு? சின்னத எடு."

"எனுக்கு இதான் சார் வேணும்."

இன்ஸ்பெக்டரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஆளுக்கு ஆறு குண்டு சுட்டார்கள். குறிப்பலகைகளுக்குப் பின்னால் இருந்த மணல்மேடு புகைந்தது.

பெனிட்டாவின் பலகையில் ஓர் ஓட்டைகூட இல்லை. இன்ஸ்பெக்டரின் பலகையில், நட்டநடுவில் ஆறு ஓட்டைகள்!

"பாத்தியாய்யா, நான் குறி பாத்து சுட்டத!" என்று குதித்த இன்ஸ்பெக்டர், பெட்டி கட்ட ஓடினார்.

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "இருவது வருசமா மணல்மேட்டத்தான் சுட்டுக்கினு இருந்தாரு. இன்னிக்கு எப்டிம்மா?"

பெனிட்டா லீவு லெட்டரை நீட்டினாள்.

"நாளைலேர்ந்து நீங்கதான சார் பொறுப்பு? கையெழுத்து போடுங்க. சின்னத எடுத்திருந்தா அவரு பலகைல ஓட்டையும் சின்னதா வுழுந்திருக்கும். மாட்டிக்கினு இருப்பேன்!"