நகராத மணி

கரையான்சாவடி வீட்டு வாசலில், சாயங்கால வெயில் படும் நாற்காலியில் கலீல் ரகுமான் அமர்ந்திருக்கிறார். காலடியில் ஒரு பக்கெட். குத்தகைத் தோட்டத்து மல்லிகைக்கான பூச்சி மருந்தை, வருடக்கணக்காகச் செய்வதுபோல, வெறுங்கையால் கலக்கி முடித்திருக்கிறார். "இன்னா மாமா, தெருவே நாறுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறான் பக்கத்து வீட்டு ஜமீர். "எனக்கு ஒரு நாத்தமும் வர்லியே" என்கிறார் கலீல். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. மடியில் கிடக்கும் வலது கையில் மட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன. வாசற்படியில் நிற்கும் கலீலின் மனைவி நசீம் பானுவிடம் ஜமீர் குரலைத் தாழ்த்துகிறான். "பாருங்க மாமி, தஸ்பீஹ் இல்லாமயே திக்ரு ஓதிகினு கீறாரு." அவளுக்குக் கணவரை நினைத்துப் பெருமை. உள்ளே போய், இறைவன் பெயரை ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து வந்து அந்த விரல்களுக்கிடையே வைக்கிறாள். மணிகள் உரசும் மெல்லிய சத்தம் கேட்கிறது. வெயில் சுவரில் ஏறி மங்குகிறது. அவள் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு குனிந்து பார்க்கிறாள். மாலை நகரவே இல்லை. அவள் வைத்த அதே மணிதான் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. "இன்னாங்க ஓதுறீங்க?" கலீல் இமைக்காமல் அவளைப் பார்க்கிறார்; விரல்கள் தாமாகவே உருட்டிக்கொண்டிருக்கின்றன. "நானா? நான் சும்மாதான குந்திகினு கீறேன்."