துணைக்கு ஒரு ட்ரோன்

மொட்டை மாடியில் நின்றுகொண்டு மனைவி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தாள். ட்ரோன் திரையில் அதைப் பார்த்த கேமராக்காரருக்கு, என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாண வீடியோ எடுக்க வெளியூர் போயிருந்தார். திரும்புவதற்குள் மலைச்சரிவில் பிடித்த தீ அவர் தெரு வரை இறங்கிவிட்டது. பாதையை மறித்துப் போலீஸ் நின்றது, மனைவியின் ஃபோன் பிஸியாகவே இருந்தது.

கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், வேலைக்காகவில்லை. தண்ணீர் ஊற்ற ஹெலிகாப்டர் வருகிறது, ட்ரோன் கீன் எதையும் கிளப்பிவிடாதீர்கள் என்று அவர் பையைப் பார்த்து வேறு சொன்னார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பூட்டிக் கிடந்த ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய் ட்ரோனை ஏற்றினார். சொன்ன பேச்சைக் கேட்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

ரிமோட்டில் மாட்டிய செல்போன்தான் திரை. எப்போதும்போல், ட்ரோனைக் கிளப்பும் முன்பே, அழைப்புகள் எதுவும் வராதபடி அதில் தடுத்து வைத்திருந்தார். ஒரு கல்யாணத்தில் முக்கியமான நேரத்தில் மச்சான் கூப்பிட்டுப் படத்தைக் கெடுத்ததிலிருந்து வந்த பழக்கம்.

"பயப்படாதடி, நான் இங்கதான் இருக்கேன்," என்று திரையிடம் சொன்னார்.

ட்ரோனை இறக்கி அவள் தலைக்கு மேலேயே நிறுத்தினார். அவளுக்குத் துணையும் ஆயிற்று, ஹெலிகாப்டர்காரனுக்கு இடம் தெரிய அடையாளமும் ஆயிற்று. தன் மூளையை மெச்சிக்கொள்ள அவருக்கு இன்னொரு ஆள் தேவையில்லை.

தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டபடி ஹெலிகாப்டர் வந்தது. வட்டமடித்தது, கிட்டே வராமல் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

"பயந்தாங்கொள்ளிப் பய," என்று பல்லைக் கடித்தார்.

மனைவி இன்னும் வேகமாகக் கையை வீசினாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ட்ரோனைப் பார்த்து எறிந்தாள். இந்த நேரத்திலும் இவளுக்கு என்மேல் கோபம் போகவில்லை பார் என்று கேமராக்காரர் கண் கலங்கச் சிரித்தார். அப்புறம் புகை வந்து திரையை மூடிவிட்டது.

தீ அடங்கிய பிறகு தீயணைப்பு அதிகாரி அவரைத் தேடி வந்து தோளில் கை வைத்தார். சொல்லாமலே புரிந்துபோயிற்று. கேமராக்காரர் தரையில் விழுந்து அழுதார். அவ்வளவு கிட்டே வந்தவன் ஏன் ஊற்றாமல் போனான் என்று ஹெலிகாப்டர்காரனைத் திட்டித் தீர்த்தார்.

"மேல ஒரு ட்ரோன் நின்னுச்சு. விசிறியில மாட்டினா ஹெலிகாப்டரே விழுந்துடும்," என்றார் அதிகாரி.

மாடியிலிருந்து அந்தம்மா ஃபோனில் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டுதான் இருந்தார் என்றும், ட்ரோன் விலகினால்தான் கிட்டே வர முடியும் என்று அந்தம்மாவிடமும் சொன்னோம் என்றும் சொன்னார்.

கேமராக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"'அது எங்க வீட்டுக்காரரோடது. அவருக்கு ஃபோன் போக மாட்டேங்குது, கையைக் காட்டி விரட்டுறேன், புரிஞ்சுக்குவார்'னாங்க."